மாதையன் வந்த வழியில் திரும்பிப் போனேன்

காலை ஐந்தரை மணி, சங்ககிரி பஸ் நிலையம். ஒரு தகரப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு நான் நிற்பதைப் பார்த்த டீக்கடைக்காரர், "என்னங்க மொதலாளி, காரு ஒர்க் ஷாப்புலீங்களா?" என்று கேட்டார். கார் வீட்டில் நன்றாகத்தான் நிற்கிறது. ஆறு லாரிக்குச் சொந்தக்காரன் அறுபத்தொரு வயதில் பஸ்ஸுக்குக் காத்து நின்றால் யாருக்கும் கேட்கத்தான் தோன்றும். நான் பஸ்ஸில் ஏறிப் பதினெட்டு வருடம் ஆகிறது.

போன வருடம் நம் லாரி உரிமையாளர் சங்க மலரில் என் டெல்லிப் பயணத்தை எழுதியிருந்தேன். மூன்றாம் வகுப்பைத் தாண்டாத ஆள் எழுதியதா இது என்று பல ஊர்க்காரர்கள் கேட்டார்கள். நான்தான் எழுதினேன். இதையும் நானேதான் எழுதுகிறேன். இந்த முறை போன தூரம் கொஞ்சம்தான். போக நூற்றி முப்பத்திரண்டு கிலோமீட்டர், வர அதே அளவு. டெல்லி இவ்வளவு தூரமாகத் தெரியவில்லை.

மாதையனைப் பழைய ஆட்களுக்குத் தெரியும். நானும் அவனும் ஒரே வருடத்தில் ஒரே முதலாளியிடம் கிளீனராகச் சேர்ந்தவர்கள். பிறகு இருவரும் டிரைவர் ஆனோம். நான் வண்டி வாங்கினேன், வண்டிக்கு மேல் வண்டி வாங்கினேன். அவன் கடைசி வரை டிரைவராகவே இருந்துவிட்டு, பாலக்கோடு பக்கம் சொந்த ஊரில் இரண்டு ஏக்கரில் தக்காளி போடப் போய்விட்டான். நாற்பது நாளுக்கு முன்னால் அவன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். எப்படி என்று எழுத மாட்டேன். அது யாருக்கும் உதவாது.

அதற்குப் பதினோரு நாள் முன்னால் என் வீட்டுக்கு வந்திருந்தான். அப்போது கொண்டுவந்து கொடுத்ததுதான் இந்தப் பெட்டி. ஸ்பேனர், ஜாக்கி லீவர், சுத்தியல் எல்லாம் உள்ளே. வெளி ஆட்கள் படித்தால் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். ஒரு டிரைவர் தன் சாமான் பெட்டியைக் கூடப் பிறந்தவனுக்கும் கொடுக்க மாட்டான். ஓட்டுவதை நிறுத்தினாலும் அது கட்டிலுக்கு அடியில் கிடக்கும். யாருக்காவது கொடுக்கிறான் என்றால், அந்த ஆளைத் தனக்கு மேலே ஏற்றி வைத்துவிட்டான் என்று எங்கள் லைனில் அர்த்தம். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். முப்பது வருடம் கழித்தாவது இவனுக்கு என் உயரம் தெரிந்ததே என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். பெட்டியைக் கூடத்தில் வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

போன வாரம் அவன் மனைவி முனியம்மா யாரிடமோ சொல்லி எழுதிய கார்டு வந்தது. "அவர் உங்கள் வீட்டுக்கு வந்து போனது ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. என் கொடுமை தாங்காமல் உங்களிடம் அழுதுவிட்டு வந்தார் என்று அவர் தம்பி சொல்கிறார். என்னால்தான் போனார் என்கிறார்கள். அவர் என்ன சொன்னார் என்று நீங்கள் வந்து அவர்கள் முன்னால் சொல்ல வேண்டும்." இதுதான் கார்டில் இருந்தது.

காரில் போயிருக்கலாம். ஆனால் அவன் இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று பஸ் மாறி வந்தான். அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

சேலம் வந்தபோது மணி 6.40. தர்மபுரி பஸ் 7.05-க்கு. அறுபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் ஆறரை ரூபாய். பெட்டியை நகர்த்திப் பார்த்த கண்டக்டர், "என்னங்க உள்ள, ஊரு இரும்பெல்லாம் இதுலதான் இருக்குதா? லக்கேஜ் போடணும்ங்க" என்றார். "போடுப்பா" என்றேன். ஒரு பஸ்ஸிலிருந்து இன்னொரு பஸ்ஸுக்கு நூறு தப்படி தூக்கியதற்கே என் தோள்பட்டை விட்டுப்போயிற்று. மாதையன் என்னைவிட மெலிந்தவன்.

தொப்பூர் கணவாயில் 8.10-க்கு பஸ் நின்றுவிட்டது. மேலேயிருந்து இறங்கிய தக்காளி லோடு ஒன்று வளைவில் சாய்ந்து கிடந்தது. ஆளுக்கு அடியில்லை. ரோடு முழுக்கத் தக்காளி. நிறையப் பேர் பையோடு இறங்கிவிட்டார்கள். நான் பஸ் டிரைவர் பக்கத்தில் போய் நின்று, "கியரை எறக்காம வந்திருப்பான். இந்த எடத்துல ரெண்டாவது கியருக்கு மேல வரக் கூடாது" என்றேன்.

"அப்பிடீங்களா பெரியவரே? அப்ப நீங்க வந்து இங்க உக்காருங்க. நான் உங்க சீட்டுல போயி ஒரு தூக்கம் போடறேன்" என்றார் டிரைவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "தம்பி, நீ டவுசர் போடறதுக்கு முன்னாடியே இதே கணவாயில பிரேக்கு இல்லாம முந்நூறு மூட்டை புளியோட ஒரு வண்டி எறங்குச்சு, தெரியுமா?"

"அடேங்கப்பா! அதை ஓட்டுனது நீங்கதானா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் எப்போதும் ஒரே பதில்தான் உண்டு. இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அதைக் கேட்டிருப்பீர்கள். சங்கத்து மேடையிலேயே மைக் பிடித்துச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பதிலைச் சொல்லவில்லை.

"இல்ல. ஓட்டினவன் வேற ஆளு. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன்" என்றேன்.

அந்தக் கதை உண்மை. ஸ்டியரிங்கில் இருந்த ஆளை மட்டும் நான் மாற்றிவிட்டேன். ஓட்டியது மாதையன். பிரேக் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் நான் கதவைத் திறந்து குதிக்கப் பார்த்தேன். அவன் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்து, "உக்காருடா" என்றான். வண்டியை மலைப்பக்கம் உரசி உரசியே நிறுத்தினான். இறங்கி நான் வாந்தி எடுத்தேன். அவன் என் முதுகைத் தடவிக்கொடுத்தான்.

முதலில் எவனோ ஒருவனிடம் விளையாட்டாக மாற்றிச் சொன்னேன். பிறகு அதுவே நிலைத்துவிட்டது. மாதையன் காதுபடவே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைகூட அவன் மறுத்ததில்லை. கடைசியாக வந்த அன்றும் என் புது டிரைவர்கள் இரண்டு பேரை உட்காரவைத்துச் சொன்னேன். அவர்களில் ஒருவன் மாதையனிடம், "உங்களுக்குப் பயமா இல்லீங்களாண்ணா?" என்று கேட்டான். "அவன் ஓட்டறப்ப எனக்கென்ன பயம்?" என்று சொல்லிச் சிரித்தான் மாதையன்.

தர்மபுரி 9.20. பாலக்கோடு பஸ் 9.45-க்கு, இருபத்து நான்கு கிலோமீட்டர். பக்கத்துச் சீட்டில் ஐம்பது வயதுள்ள ஒரு பாய் வந்து உட்கார்ந்தார். கையில் தகரச் சுருள். உட்கார்ந்ததும் என் கால் இடுக்கில் இருந்த பெட்டியைப் பார்த்தார். குனிந்து கொண்டியைத் தொட்டார்.

"கோவிச்சுக்காதீங்க. இந்தப் பெட்டி உங்க கைக்கு எப்பிடி வந்துச்சு?"

"ஏன் பாய்? என் சிநேகிதன் குடுத்தது."

"மாதையண்ணனுங்களா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இந்தக் கொண்டி நான் போட்டதுங்க. அடித்தகரம் இத்துப்போயிருந்துச்சு, அதையும் மாத்துனேன். பாலக்கோடு மார்க்கெட் பின்னாடிதான் நம்ம கடை. பச்சைப் பெயிண்டுகூட அடிக்கச் சொன்னாரு. 'என்னாண்ணா, இந்த வயசுல மறுபடியும் வண்டி ஏறப்போறீங்களா, ஆண்டவன் ரோட்டுல போறவங்களைக் காப்பாத்தட்டும்'னு கிண்டல் பண்ணுனேன். 'இல்ல பாய், ஒருத்தனுக்குக் குடுக்கப் போறேன். ஓட்டையோட குடுக்கக் கூடாதில்ல' அப்பிடின்னாரு."

கையிலிருந்த தகரச் சுருளைக் காலடியில் வைத்தார். பிறகு அவரே பேசினார்.

"மூணு மாசமா வாடிப்போயித் திரிஞ்ச மனுசன். கடைக்கு வந்தா ஒரு டீயை வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருப்பாரு, குடிக்க மாட்டாரு. பெட்டியை வாங்கிக்கிட்டுப் போன அன்னிக்கு மட்டும் முகம் தெளிவா இருந்துச்சு. எனக்கே டீ வாங்கிக் குடுத்தாரு. சரி, தேறிட்டாருன்னு நெனச்சேன்."

எனக்கும் அன்றைக்கு அவன் முகம் தெளிவாகத்தான் தெரிந்தது.

"ஒரு வார்த்தை என்னா ஏதுன்னு கேட்டிருக்கலாம்" என்றார் பாய்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பானா?"

"அது தெரியாதுங்க. நான் கேக்கலங்கறதுதான் தெரியும்."

பாலக்கோட்டில் இறங்கும்போது மணி 10.40. தக்காளி மார்க்கெட் வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. அங்கிருந்து பாப்பாரப்பட்டி ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் போக வேண்டும். ஊர்ப் பெயர் வேண்டாம், அந்தக் குடும்பம் அங்கேதான் இருக்கிறது. டவுன் பஸ் போய்விட்டிருந்தது. காலிக் கூடைகளோடு திரும்பிய ஒரு டிராக்டரை நிறுத்தி, பெட்டியையும் என்னையும் பாய் ஏற்றிவிட்டார். காசு வாங்க மறுத்த டிராக்டர்காரர், எங்கே போகிறேன் என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

"அந்தம்மா வூட்டுக்குங்களா? அந்த வூட்டுல சொந்தக்காரங்க பச்சைத் தண்ணிகூடக் குடிக்கறதில்லீங்களே" என்றார்.

11.20-க்குப் போய்ச் சேர்ந்தேன். அந்த வீட்டுக்கு நான் முன்னால் வந்தது மாதையனை அடக்கத்துக்கு எடுத்த அன்று. காரில் வந்தேன். சேலத்தில் சொல்லிக் கட்டிய மாலை, அங்கே விழுந்த மாலைகளில் அதுதான் பெரியது. அரை மணி நேரம் நின்றுவிட்டுக் கிளம்பிவிட்டேன். முனியம்மாவின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. இந்தத் தடவை வாசலில் நின்றிருந்தாள். கழுத்தும் நெற்றியும் வெறுமையாக இருந்தன. துக்க வீட்டில் வா என்று சொல்ல மாட்டார்கள். பெட்டியைப் பார்த்தாள். நான் கீழே வைப்பதற்கு இடம் விட்டு விலகினாள்.

மாதையனின் தம்பி பெருமாள் பக்கத்து வீடுதான். நான் வந்த செய்தி தெரிந்து, உறவுக்காரர்கள் நாலைந்து பேரோடு வந்து வெளியே போட்டிருந்த கட்டிலில் உட்கார்ந்தார். முனியம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லுங்க மொதலாளி" என்றார் பெருமாள். "எங்கண்ணன் இவங்களைப் பத்தி உங்ககிட்ட என்னா சொன்னாரு? அவ்ளோ தூரம் தேடி வந்திருக்காருன்னா சும்மாவா? தெனமும் சண்டை. மனுசன் ஒரு வாய் நிம்மதியாச் சாப்ட்டதில்ல."

"சாப்பிடச் சொல்லித்தான் சண்டை போட்டேன்" என்றாள் முனியம்மா. "தூங்கச் சொல்லித்தான் சண்டை போட்டேன். எங்கியாச்சும் போயி பேசிட்டு வாங்கன்னு சண்டை போட்டேன்."

நான் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். 'முனியம்மா இல்லாவிட்டால் நான் என்றைக்கோ போயிருப்பேன் என்று அவன் சொன்னான்' என்று சொல்லலாம் என்பது என் திட்டம். சொன்னால் நம்புவார்கள். எவ்வளவோ பஞ்சாயத்தை என் வாயால் முடித்து வைத்திருக்கிறேன். தொண்டையைச் செருமினேன். அதைப் பார்த்ததும் அவளுக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை.

"அண்ணா, எனக்கு நல்லதாச் சொல்லணும்னு எதையும் சொல்லாதீங்க. அவரு சொன்னதை மட்டும் சொல்லுங்க. எனக்கு அது வேணும்."

அவளுக்கு வேண்டியிருந்தது தீர்ப்பு இல்லை, அவன் கடைசிப் பேச்சு. அது என்னிடம் இல்லை. அதைத்தான் நான் சொல்ல வேண்டியிருந்தது.

"அவன் ஒன்னும் சொல்லல" என்றேன். "சொல்றதுக்கு நான் வுடல. ரெண்டு மணிக்கு வந்தான், ஆறு மணிக்குப் போனான். நாலு மணி நேரமும் நான்தான் பேசினேன். புது வண்டி எடுத்ததைப் பேசினேன். மச்சு மேல மச்சு கட்டறதைக் கூட்டிக்கிட்டுப் போயிக் காட்டினேன். அவன் ஓட்டின வண்டியை நான் ஓட்டினதாக் கதை சொன்னேன். இந்தப் பெட்டியைக் குடுத்தான். எதுக்குடா குடுக்கறேன்னுகூட நான் கேக்கல. எனக்கு மரியாதை பண்ணறான்னு நெனச்சு வாங்கி வச்சுக்கிட்டேன்."

"ஒரு வார்த்தைகூடவா பேசல?" என்றார் பெருமாள்.

"ஒன்னே ஒன்னு கேட்டான். 'உனக்கு ராத்திரி தூக்கம் வருதாடா?'ன்னான். 'எனக்கென்னடா, படுத்தா கட்டை மாதிரி தூங்குவேன்'னு சொல்லிட்டு, மெத்தை எங்க வாங்கினேன், என்ன வெலைன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். அவ்வளவுதான். உங்க அண்ணி பேரு அங்க வரவே இல்ல. அழுகவும் இல்ல. ஆருகிட்ட அழுவான்? கேக்கறதுக்கு அங்க ஆளே இல்ல."

முனியம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள். "நாலு மாசமாத் தூங்கலீங்கண்ணா" என்றாள். "தாயத்துக் கட்டுனோம், தர்மபுரியில டாக்டருகிட்டக் கூட்டிப் போனேன், மாத்திரை குடுத்தாங்க. ரெண்டு நாள் போட்டுட்டு வுட்டுட்டாரு. கெணத்துமேட்டுல போயி உக்காந்துக்குவாரு. நானும் போயி எதுக்க உக்காந்துக்குவேன். 'போடி, போயிப் படு'ம்பாரு."

பெருமாள் தலையைக் குனிந்துகொண்டு தரையில் ஒரு குச்சியால் கீறிக்கொண்டிருந்தார். பிறகு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "எங்கிட்டயும் வந்தாரு. அந்தச் செவலை மாட்டை நீயே வச்சுக்கடான்னாரு. எத்தினி வருசமாக் கேட்டுக்கிட்டிருந்தேன், குடுக்காத மாடு. வாங்கிக் கட்டிட்டேன். சந்தோசமா இருந்துச்சு."

அவருக்குப் பக்கத்தில் இருந்த பெரியம்மா முறையுள்ள ஒருத்தி அழ ஆரம்பித்தாள். அவளுக்கு அவன் என்ன கொடுத்தான் என்று நான் கேட்கவில்லை.

நம் வண்டிகளில் ஓடும் பிள்ளைகளுக்கும், அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் உங்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கொடுக்கக் கூடாத பொருளை ஒருவன் கொண்டுவந்து கொடுத்தால், வாங்குவதற்கு முன்னால் எதற்கு என்று கேளுங்கள். சும்மா என்று சொன்னால் மறுபடியும் கேளுங்கள். அவனைத் தனியாக அனுப்பாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஒரு தரம் கூட்டிப்போய், அவன் வேண்டாம் என்றால் மறுதரமும் கூட்டிப்போங்கள். கேட்டிருந்தால் மாதையன் இருந்திருப்பானா என்பது எனக்குத் தெரியாது. பாய் சொன்னதுதான் எனக்கும்.

ஒரு மணிக்கு முனியம்மா களி கிண்டினாள், அவரைக்கொட்டைக் குழம்பு. தட்டை எனக்கு வைத்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, கட்டில் பக்கம் பார்த்தாள். பெருமாள் எழுந்து, செம்பை எடுத்துக் கை கழுவிக்கொண்டு, "அண்ணி, எனக்கும் வைங்க" என்று சொல்லி என் பக்கத்தில் உட்கார்ந்தார். குழம்பில் உப்பு அதிகம். இருவரும் சொல்லவில்லை.

மூன்று மணிக்குக் கிளம்பினேன். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு புறப்படுவது வழக்கம் இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தேன். ரோட்டோரப் புளியமரத்தடிதான் பஸ் நிற்கும் இடம். அங்கே போய்ச் சேரும்போது முனியம்மா பின்னாலேயே வந்துவிட்டாள். நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது.

"அண்ணா, ஏன் இப்பிடிப் பண்ணாரு?"

என்னிடம் யார் எதைக் கேட்டாலும் பதில் இருக்கும். டயர் ஏன் தேய்கிறது, மழை ஏன் பெய்யவில்லை, பக்கத்து வீட்டுக்காரன் மகன் ஏன் பெயிலானான், எல்லாவற்றுக்கும் நான் காரணம் சொல்வேன். சொல்லித்தான் பழக்கம்.

"தெரியலம்மா" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "நாப்பது நாளா வந்தவங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சுங்கண்ணா. காட்டுல தண்ணி இல்லன்னாங்க. கெரகம்ன்னாங்க. கெணத்துமேட்டுல பேய்க்காத்து அடிச்சிருச்சுன்னாங்க. நான்தான்னாங்க. தெரியலன்னு சொன்னது நீங்க ஒருத்தருதான்."

சொல்லிவிட்டு மரத்தடிக் கல்லில் உட்கார்ந்தாள். நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். எங்கள் சங்ககிரியில் இந்த நேரத்துக்கு லாரி சத்தத்தில் பக்கத்து ஆள் பேச்சு காதில் விழாது. கத்திக் கத்தியே என் குரல் பெரிதாகிவிட்டது என்று என் வீட்டில் சொல்வார்கள். இங்கே டிராக்டர் ஒன்று போனால் அடுத்தது வர கால் மணி ஆகிறது.

அவளாகவே பேச ஆரம்பித்தாள். கல்யாணமான புதிதில் அவனுக்குக் களி கிண்டத் தெரியும் என்பதை ஊருக்குத் தெரியாமல் மறைத்துவைத்ததைச் சொன்னாள். ஓசூரில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்குப் போனால் ஒரு நாள் தங்க மாட்டான், வண்டியில் நாட்கணக்கில் இருந்தவனுக்கு வீட்டை விட்டு இருக்க முடியவில்லை என்றாள். நடுவில் அழுதாள், நடுவில் சிரித்தாள். எனக்கும் அவனைப் பற்றிச் சொல்ல நூறு இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

3.50-க்கு பஸ் வந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "பாலக்கோடு, பாலக்கோடு! பெரியவரே, ஏறுங்க" என்றார். முனியம்மா பேச்சை நிறுத்திவிட்டு எழப் பார்த்தாள். அவள் இன்னும் முடித்திருக்கவில்லை.

நான் கண்டக்டரைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினேன். அடுத்த பஸ் ஐந்தரைக்கு.